டார்ச் பவளத்தை நெருங்கும் பபிள் டிப் அனிமோனை எப்படி நகர்த்துவது?

உப்புத்தண்ணி_கொளத்தூர்:
வணக்கம். என் கடல்நீர் மீன்தொட்டியில் (டேங்க்) பபிள் டிப் அனிமோன் (பாறையில் ஒட்டி வாழும், கொட்டும் கைகள் உள்ள கடல் உயிரி) ஒன்று மேல்பாறையில் அசையாமல் இருந்தது. புது எல்.ஈ.டி. லைட் மாட்டியதிலிருந்து நடக்க ஆரம்பித்து, இப்போது டார்ச் பவளத்துக்கு நாலு விரல் தள்ளி ஒரு பொந்துக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம்தான் வேவ்மேக்கரும் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) இருக்கு. லேசாகப் பிடித்து இழுத்தேன், இன்னும் உள்ளேதான் போகிறது. உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி செல்சியஸ். யாராவது வழி சொல்லுங்களேன்.

பழைய_ரீஃப்காரன்:
தம்பி, முதலில் கையை எடுங்க. இழுத்தால் அது பாறையை விடாது, கால்தான் கிழியும். கிழிந்த இடத்தில் தொற்று வந்தால் பிழைப்பது கஷ்டம். செத்துக் கரைந்தால் அம்மோனியா ஏறி டேங்கே காலி.

இன்றைக்கே செய்ய வேண்டியது வேவ்மேக்கர் வேலை. வாயில் ஸ்பாஞ்சோ வலையோ கட்டுங்க. நடக்கிற அனிமோன் ராத்திரியில் அதற்குள் மாட்டிக் கூழாகிப்போவதுதான் அதிகம். ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்தால் ஓட்டம் குறையும், கழுவிக்கொண்டே இருக்கணும்.

பாறை தனியாக வருமா?

உப்புத்தண்ணி_கொளத்தூர்:
வரும் அண்ணா. மேலே சின்னக் கல் ஒன்றுதான் இருக்கு.

பழைய_ரீஃப்காரன்:
அப்போ அனிமோனைத் தொடவே வேண்டாம், பாறையோடு மாற்றிவிடுங்க. முதலில் லைட்டை அணைத்து, அது சுருங்கும்வரை காத்திருங்க. விரிந்த நிலையில் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் சொந்தக் கனத்திலேயே கிழியும். தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவைப் பாறைக்கு அடியில் விட்டு, நீரோடு சேர்த்துத் தூக்குங்க. கையுறை போடுங்க. அந்தப் பாறையில் ஸோவா (கொத்தாக வளரும் சின்னப் பவள வகை உயிரி) இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடணும். சில வகைகளில் பாலிடாக்சின் என்கிற கடும் விஷம் இருக்கு, கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

நீலக்கடல்:
எனக்குப் பாறை வரவில்லை, அடியில் இருந்தது. ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் போட்டுப் பாறையின் பின்பக்கம், கால் ஒட்டிய இடத்துக்கு நேராக வைத்தேன். குளிர் பிடிக்காமல் பிடியைத் தளர்த்தியது. அவசரப்படாமல் விட்டு விட்டு வைக்கணும். கழன்றதும் காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையில் சின்னக் கற்களோடு போட்டு, ஓட்டம் குறைந்த மூலையில் வைத்தேன். கல்லைப் பிடித்ததும் கல்லோடு தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

பழைய_ரீஃப்காரன்:
கூடை யோசனை நல்லது. டேங்கின் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் மட்டும் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ ஓரத்திலிருந்து மெதுவாகப் பெயர்க்கலாம். பொந்துக்குள் அதைச் செய்யாதீங்க. இன்னொன்று: காரணத்தைச் சரிசெய்யாமல் இடம் மாற்றினால் திரும்பவும் நடக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்க. டார்ச் பவளத்தையும் எட்ட வைங்க, ராத்திரியில் அதுவும் நீளமான கைகளை நீட்டிக் கொட்டும்.

உப்புத்தண்ணி_கொளத்தூர்:
பாறையோடு இடது மூலைக்கு மாற்றியாச்சு, கால் கிழியவில்லை. ஆனால் கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கி, வாயிலிருந்து பழுப்பு நூல் மாதிரி ஏதோ வருதே? கோமாளி மீனும் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கு.

பழைய_ரீஃப்காரன்:
அது கழிவு, தன் உடம்புக்குள் வாழும் பாசியையும் கொஞ்சம் கக்கும். இடம் மாற்றிய பதற்றத்தில் இப்படி ஆவதுண்டு. வாயைப் பாருங்க: இறுக மூடியிருந்தால் கவலை இல்லை. பிளந்தே கிடந்து, நாற்றமும் அடித்தால் உடனே வெளியே எடுக்கணும். சில நாள் இரை போடாதீங்க, அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க. மீன் ஓயாமல் தொல்லை கொடுத்தால் நடுவில் ஒரு வலைத்தடுப்பு வைங்க, கால் நன்றாகப் பிடித்ததும் எடுத்துவிடலாம்.