அம்மாவுக்கு மூளைப் பயிற்சி ஆப் வாங்கித் தரலாமா?

ஓசூர்ப்பெண்:
அம்மாவுக்கு 64 வயது. அப்பா போனபிறகு சென்னையில் எங்களோடு ஃபிளாட்டில் இருக்கிறார். ஊரில் இருந்தவரை வாசலில் தினமும் கோலம் போடுவார், அக்கம்பக்கத்தில் தமிழும் தெலுங்குமாகப் பேச்சு ஓடும். இங்கே பகலெல்லாம் போன், சாயங்காலம் சீரியல். சமீபமாகப் பெயர்கள் மறக்கின்றன. நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் எழுந்து போய்விடுகிறார். மூளைக்குப் பயிற்சி தரும் ஆப்புக்குச் சந்தா கட்டலாம் என்கிறான் அண்ணன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கம்பிக்கோலம்:
சந்தா கட்டாதேம்மா. ஆப்பில் விளையாடினால் அந்த விளையாட்டில்தான் கை தேறும். அன்றாட வேலைக்கு அது பெரிதாக உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அம்மாவின் கையிலேயே வித்தை இருக்கிறதே, கோலம் போடச் சொல்.

ரங்கோலி இல்லை, சிக்குக் கோலம். 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி வைத்துக்கொள்ளுங்கள்; அதாவது நடு வரிசையில் 7, இருபுறமும் இரண்டு புள்ளிக்கு இடையே ஒரு புள்ளியாக 4 வரை குறைத்துக்கொண்டே போக வேண்டும். கம்பி, அதாவது கோலக் கோடு, எந்தப் புள்ளியையும் தொடாமல், எதையும் விடாமல் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நடுவில் ஒரு வளைவு மாறினால் ஒரே கம்பி இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் விரல் ஒரு புள்ளியில் இருக்கும்போதே கண் அடுத்த மூன்று புள்ளிகளைப் பார்த்தாக வேண்டும். எழுபதுகளில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி இந்தக் கோலங்களின் வடிவ விதிகளைக் கணினிக்கான இலக்கணமாக எழுதி ஆய்வே செய்தார். நம் வீட்டுப் பெண்கள் அதிகாலையில் குனிந்து செய்தது அவ்வளவு நுட்பமான வேலை.

ஆனால் தெரிந்த கோலத்தையே திரும்பத் திரும்பப் போட்டால் கைதான் போடும், மூளை சும்மா இருக்கும். புதிதாக ஒன்றைக் காட்டு, ஒரு நிமிடம் பார்க்கட்டும், அப்புறம் மூடிவிடு. அது வந்துவிட்டால், அதே வளைவுகளை வைத்து 9 புள்ளிக்கு அவரே விரிக்கட்டும். எங்கள் குடியிருப்பில் மார்கழியில் இப்படித்தான் ஆரம்பித்தோம். தை பிறந்தபோது ஒரு பாட்டி, எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோலம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அன்று அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

முழங்கால் வலி இருந்தால் தரையில் உட்கார வைக்காதே. மேசைமேல் பலகை வைத்துச் சாக்பீஸால் போடலாம். பக்கத்து வீட்டில் யாரையாவது சேர்த்துக்கொள். துணை இருந்தால்தான் தொடரும்.

வார்டு நர்ஸ்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேச்சின் நடுவே எழுந்து போகிறார் என்றால் முதலில் காதைப் பாருங்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? மறதி நோயைத் தள்ளிப்போட என்னென்ன செய்யலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு அதில் ஒன்று. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதில் உண்டு. பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தெரிந்த தெருவிலேயே வழி தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தெலுங்கு வாத்தியார்:
அந்தத் தெலுங்கை விட்டுவிடாதீர்கள். ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படித்தான். பேரப்பிள்ளை இருந்தால் பாட்டியிடம் தெலுங்குக் கதை கேட்கச் சொல்லுங்கள்.

ஓசூர்ப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. டிவி சத்தம் நிஜம்தான், நாங்கள் சீரியல் ஆசை என்றே நினைத்திருந்தோம். காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். கம்பிக்கோலம் அக்கா, பலகைக்கு என்ன பூச வேண்டும்?

கம்பிக்கோலம்:
ஹார்டுவேர் கடையில் கரும்பலகைப் பெயிண்ட் என்று கேள். பிளைவுட்டை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடு. இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் 9 புள்ளி தாராளமாக வைக்கலாம். முதல் கோலத்தைப் படமெடுத்து இங்கே போடும்மா.