ஒன்றே முக்கால் வயது மகளை ஊருக்கு அனுப்பலாமா?

மண்டபம் அம்மா:
சொந்த ஊர் கோபி பக்கம். கணவருக்கு மண்டபத்தில் வேலை, எனக்கு ராமநாதபுரத்தில். மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. சம்பளத்துக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் ராத்திரி குழந்தைக்குக் கடும் காய்ச்சல். கணவர் நைட் டியூட்டி. ஈரத்துணி போட்டபடி விடியும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். ஸ்கூலில் சேர்க்கும்வரை பிள்ளையை ஊரில் தன்னிடம் விட்டுவிடச் சொல்கிறார் என் அம்மா. இரண்டு கறவை மாடுகளை விட்டு அவரால் இங்கே வந்து தங்க முடியாது. எங்களால் மாதம் ஒரு முறைதான் ஊருக்குப் போக முடியும். என்ன செய்யலாம்?

தொண்டி தம்பி:
அனுப்புங்கள் அக்கா. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். என்னை வளர்த்தது அப்பத்தாதான். கரைவலை இழுக்கும் இடத்துக்கு என்னை இடுப்பில் வைத்துத் தூக்கிப் போவாள். சங்கு பொறுக்கினது, அவள் சுட்டுத் தந்த மீன், ராத்திரிக் கதை எல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. சம்பளத்துக்குப் பார்க்கிறவர் இன்று இருப்பார், நாளை போவார். அம்மாயி போகமாட்டார்.

கீழக்கரை உம்மா:
தம்பி, உங்கள் அப்பத்தாவைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் இங்கே வருவார். அதனால் என் மகனைத் தூக்க என் உம்மா, சாச்சி என்று எப்போதும் ஆள் உண்டு. இல்லாதது வாப்பா மட்டும். துபாயிலிருந்து தினமும் வீடியோவில் பேசுவார், இவன் போனுக்கு முத்தம் கொடுப்பான். இரண்டு வருடம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றபோது, என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு அழுதான். அவர் கையில் பெட்டியோடு அப்படியே நின்றார். அவரிடம் போக இவனுக்குப் பதினேழு நாள் ஆனது. லீவோ நாற்பது நாள். அனுப்பாதீர்கள் தங்கச்சி.

தொண்டி தம்பி:
லாத்தா, இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஒன்றா? மாதாமாதம் பார்க்கிற அம்மாவைப் பிள்ளை மறக்காது.

கீழக்கரை உம்மா:
மறக்காது, சரி. ஆனால் ஒவ்வொரு மாதமும் அம்மா கிளம்பும்போது அழும். அந்த வயசுக்கு "அடுத்த மாதம் வருவேன்" என்பது புரியாது.

பாம்பன் படகு:
நான் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் முழுசாக வீட்டில் இருப்பேன். என் மனைவிக்கு ஊர் மதுரைப் பக்கம், இங்கே சொந்தம் யாரும் கிடையாது. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் சுவரைத் தட்டுவாள், பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடும். ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. வேலைக்காக வந்தவர்கள் வீட்டுக் கதவை நாங்களாகத் தட்டத் தயங்குவோம். படித்தவர்கள், தொந்தரவாக நினைப்பார்களோ என்று. நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

தொண்டி தம்பி:
அண்ணே, அக்கம்பக்கம் ஒரு ராத்திரிக்கு வரும். தினமும் ஒன்பது மணி நேரம் பார்க்குமா?

அங்கன்வாடி டீச்சர்:
இரண்டு வயது முடிந்தால் பகலில் எங்களிடம் விடலாம், இன்னும் மூன்று மாதம்தானே. சத்துமாவு இப்போதே வாங்கலாம், வெளியூர்க்காரர் என்று கூச்சப்பட வேண்டாம். அனுப்புவதாக இருந்தால் தடுப்பூசி அட்டையும் கூடவே போகட்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊசிகள் இருக்கின்றன, ஊர் மாறும்போதுதான் அவை விட்டுப்போகும். இன்னொன்று, ராத்திரியில் விடியும்வரை காத்திருக்காதீர்கள். போனில் மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

மண்டபம் அம்மா:
நேற்றுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார், பேர் நேற்றுத்தான் தெரியும். கடல்பாசி எடுக்கப் போகிறவர். மாதத்தில் 12 நாள் கடலுக்குப் போவாராம், மற்ற நாளில் பிள்ளையைக் கொண்டுவந்து விடு என்றார். அந்த 12 நாளும் பகலில் வீட்டில் இருக்கும்படி டியூட்டி மாற்றித் தரச்சொல்லி கணவர் கேட்டிருக்கிறார்.

தொண்டி தம்பி:
ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்காமல் பிள்ளையைப் பார்ப்பாரா அக்கா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

மண்டபம் அம்மா:
எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது தம்பி. மூன்று மாதம் பார்க்கிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். பேத்திக்கென்று தொட்டில் கம்பியெல்லாம் மாட்டி வைத்திருக்கிறார்.