புதுப்பிப்பு: விஞ்ஞானப் புத்தக மொழிபெயர்ப்பு

தென்னாப்பிரிக்காவின் சியாவுலா என்ற கல்வி நிறுவனம் இலவசமாக வெளியிட்ட விஞ்ஞானப் பாடநூலைத் தமிழாக்க ஆள் கேட்டிருந்தேன் அல்லவா? கொழும்பு வெள்ளவத்தையில் ஆறு பேர் கூடினோம். முதல் நாளே சண்டை. சென்னையிலிருந்து இணைந்த தம்பி 'முடுக்கம்' (acceleration) என்று எழுத, ரீச்சர் அக்கா அதை வெட்டி 'ஆர்முடுகல்' என்று போட்டார். அதைவிடச் சிக்கல் 'வேகம்'. தம்பிக்கு அதில் திசை கிடையாது. இலங்கையில் நமக்கு அது 'கதி' (speed), வேகம் (velocity) என்றாலே திசையோடுதான். சரி, வாசிக்கப்போவது இங்குள்ள ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள், நம் சொல்லே இருக்கட்டும் என்று முடித்தோம்.

அப்புறம் என் பிழை ஒன்று. சியாவுலாவின் சின்னம் பதித்த பதிப்பை எடுத்துவிட்டேன். அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும்) உரிமம் மாற்றங்களை அனுமதிக்காது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். சின்னமில்லாத பதிப்புக்கு மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். அதற்கு மாறியாயிற்று. வரிப்படங்களில் எழுத்து மாற்றத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.