பிரிசிஷனா, ஜாஸா? வாசித்தவர்கள் சொல்லுங்கள்

மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன், ஜாஸ் என்ற இரண்டு மாடல்களையும் மேடையேற்றியிருக்கிறேன். கடையில் தனியாக மீட்டிப் பார்த்தால் ஜாஸ்தான் மயக்கும். தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) மட்டும் திறந்தால் மூக்கால் பாடுவது போல ஒரு குரல் வரும். ஒவ்வொரு சுரமும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். அதே கிட்டாரை டிரம்ஸ், கீபோர்டு, தபேலா, இரண்டு பாடகர்களோடு சேர்த்துக் கேளுங்கள். அந்த அழகில் பாதி காணாமல் போய்விடும். பிரிசிஷன் தனியாக மொத்தையாகத்தான் ஒலிக்கும். ஆனால் கூட்டத்துக்கு நடுவே அசையாமல் நிற்பது அதுதான்.

இன்னொன்று, மின்சார இரைச்சல். 1957இல் பிரிசிஷனின் பிக்கப்பை இரண்டாகப் பிரித்தார்கள்: தடித்த இரண்டு தந்திகளுக்கு ஒரு பாதி, மெல்லிய இரண்டுக்கு மறு பாதி. இரண்டும் ஒன்றின் இரைச்சலை ஒன்று அடக்கிவிடும். 1960இல் வந்த ஜாஸில் இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தால்தான் அந்த அமைதி. ஒன்றைக் குறைத்ததும் உறுமத் தொடங்கும். சீரியல் விளக்குகள் சுற்றிக் கட்டிய கல்யாண மண்டபத்தில் வாசித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. என் ஓட்டு பிரிசிஷனுக்கு.

*

அண்ணா, ஒலியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கையைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்குச் சின்ன விரல்கள். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். "ஜாஸின் நெக் (கழுத்து) ஒல்லி, பெண்களுக்கு வசதி" என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மைதான். நெக்கின் மேல்முனையில் தந்திகள் பதியும் நட் அருகே ஜாஸின் அகலம் 38 மில்லிமீட்டர், பழைய பிரிசிஷனில் 44. பிடிப்பதற்கு இலகுவாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் ஃபிரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நான்காவதுக்கு விரலை நீட்டும்போது இரண்டும் ஒரே வலியைத்தான் தருகின்றன!

எனக்குத் தீர்வாக அமைந்தது 30 அங்குலக் கிட்டார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தோளில் வயலின் உருவத்தில் தொங்குமே ஹாஃப்னர், அந்த வகை. நீளம் குறைவதால் அதே சுருதிக்குத் தந்தியின் இழுவிசையும் குறைகிறது. ஒலி உருண்டையாக, மென்மையாக வருகிறது. மெதுவான பாடல்களுக்கு அமிர்தம். வேகமாக அடித்து வாசித்தால் தடித்த தந்தி ஃபிரெட்டில் மோதிப் படபடக்கும். சற்றுத் தடிமனான தந்தி போட்ட பிறகு அதுவும் பெருமளவு அடங்கியது.

*

நான் ஆக்டிவ் கட்சி, அதாவது பேட்டரி போட்ட கிட்டார்களின் பக்கம். உள்ளேயே பிரீஆம்ப் என்ற ஒலிபெருக்கும் சுற்று இருப்பதால் தாழ்ந்த ஒலி (பாஸ்), உயர்ந்த ஒலி (டிரெபிள்) இரண்டையும் கிட்டாரிலேயே கூட்டலாம். விரலால் தட்டி வாசிக்கும் பாணிக்கு இதற்கு இணை இல்லை. ஒரே எச்சரிக்கை: 9 வோல்ட் பேட்டரி. பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் கேபிளைச் சொருகி வைத்திருக்கும் வரை அது கரைந்துகொண்டே இருக்கும். இடைவேளையில் கழற்றி வையுங்கள்.

இருந்தாலும், கிட்டாரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் தந்தியைப் பற்றி ஏன் பேசுவதில்லை? மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷனில் ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான) தந்திதான் போட்டிருந்தார். அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டி அந்த ஒலியை எடுத்தார். அதே கிட்டாரில் புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தியைப் போட்டிருந்தால் பியானோவைப் போலக் கணீரென்று கேட்டிருக்கும். முதலில் எழுதிய அண்ணன் தம் பிரிசிஷனில் எந்தத் தந்தி, ஜாஸில் எந்தத் தந்தி என்று சொல்லவே இல்லை. அதைச் சொன்னால்தான் அவர் ஓட்டை நான் கணக்கில் சேர்ப்பேன்.