கடல் பூதங்களுக்கு கேம் கதையில் இடம் உண்டா? நீங்கள் எதிர்கொண்டதைச் சொல்லுங்கள்

கடலோடி (ஜார்ஜ்டவுன்):

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஃபேன்டசி கேமுக்குக் கதையுலகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தீவுகள், துறைமுகங்கள், கப்பல் வணிகர்கள் எல்லாம் முக்கால்வாசி தயார். கடலுக்கு அடியில் ஏதாவது இருக்கட்டுமா, வேண்டாமா என்பதில்தான் வாரக்கணக்காக வாக்குவாதம். இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் வந்து பயமுறுத்திவிட்டுப் போகிற ஒன்றாக இருந்தால் போதாது. அது அசைந்தால் கடலே அசைய வேண்டும்.

2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' விளையாடியவர்களுக்கு யோர்முங்காண்டர் மறந்திருக்காது. வட ஐரோப்பியப் புராணத்தில் மனித உலகையே வளைத்துக் கிடக்கும் பாம்பு. நாம் சின்னப் படகில் ஏரியில் போகிறோம், அது எழுந்திருக்கிறது, ஏரியின் தண்ணீர் மட்டமே இறங்கிவிடுகிறது. அதுவரை மூழ்கிக் கிடந்த கரைகளும் வாசல்களும் வெளியே தெரிகின்றன. புதிதாகப் போக வழி கிடைக்கிறது. கடைசிவரை அந்தப் பாம்போடு நாம் சண்டை போடுவதே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால்.

அதே வருஷம் வந்த 'சீ ஆஃப் தீவ்ஸ்' கேமில் கிராக்கன் என்ற ராட்சதக் கணவாய்ப் பூதத்தையும் பார்த்தேன். கப்பலைச் சுற்றித் தண்ணீர் கறுத்துப்போகும், கைகள் எழும், கூட இருப்பவனைத் தூக்கிக்கொண்டு போகும். பதைபதைப்புக்குக் குறைச்சல் இல்லை. பீரங்கியால் அடித்து விரட்டிவிட்டால் கடல் பழைய கடல்தான். எனக்கு அங்கேதான் மனசு ஒட்டவில்லை.

நம் மண்ணிலேயே இதைவிடப் பெரிய சரக்கு கிடக்கிறது. பழைய மலாய் நம்பிக்கையில் சமுத்திரத்தின் நடுவே 'பூசாட் தாசெக்' என்று ஒரு பெருங்குழி உண்டு. அங்கே 'பாவ் ஜாங்கி' என்ற மரம். குழிக்குள் ஒரு ராட்சத நண்டு. நாளைக்கு இரண்டு தடவை இரை தேடி அது வெளியே போகும்போது கடல்நீர் குழிக்குள் இறங்கும், அதுதான் வற்றம். நண்டு திரும்பி வந்து அடைத்துக்கொண்டு படுத்தால் ஆறுகள் கொண்டுவரும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, கடல் ஏறும். நீர் வற்றிய நேரத்தில் எங்கள் பினாங்கின் சியூ ஜெட்டி பக்கம் போய் நின்று பாருங்கள். வீடுகளைத் தாங்கும் கால்களில் சிப்பி ஒட்டிய கோடு எங்கேயோ மேலே நிற்கும், கீழே வெறும் சேறு, படகுகள் சாய்ந்து கிடக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நண்டுக் கதையை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. இப்படி ஒன்றை விட்டுவிட்டு நமக்கு எதற்கு இரவல் கிராக்கன்?

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தெலுக் பஹாங் அக்கா:

தம்பி, நான் கேம் ஆடுகிறவள் இல்லை. பிள்ளைகள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். 2005இல் வந்த பழைய 'காட் ஆஃப் வார்' ஆட்டத்தில் முதல் சண்டையே கடலில்தான், ஹைட்ரா என்று பல தலைப் பாம்போடு. அதன் பெரிய தலையை உடைந்த பாய்மரத்தில் குத்திச் செருகுவார்கள். என் மூத்தவன் கை தட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் ஊரில் மாசி மகத்துக்குச் சிங்கமுகக் காளியம்மனுக்குக் கடலில் மிதக்கும் தேர் விடுகிறோம். அதே கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்று பினாங்குக் கரைக்கு ஏறி வந்து ஆட்களைக் கொண்டுபோனது. இரண்டையும் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கடலில் இருப்பதை வெட்டிச் சாய்க்கிற விளையாட்டு ருசிக்காது. நண்டு இருக்கட்டும், தாராளமாக இருக்கட்டும். அதைக் கொல்ல மட்டும் வழி வைக்காதீர்கள்.

பட்டர்வொர்த் வாசகன்:

எனக்கு மாற்றுக் கருத்து. புராணமே வேண்டாம். 'சப்நாட்டிகா' என்ற கடலடி கேமில் ரீப்பர் லெவியத்தான் என்ற ராட்சத விலங்கை நான் பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன். கலங்கிய தண்ணீரில் எங்கேயோ ஓர் உறுமல். எந்தத் திசை என்று தெரியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பின்னால் புராணம் ஏதும் கிடையாது, வேற்றுக்கிரக விலங்கு, அவ்வளவுதான். நிஜக் கடலிலேயே ராட்சதக் கணவாய் உயிரோடு நீந்துவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல்தான் முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். கிராக்கன் கதைக்கே அதுதான் வேர் என்கிறார்கள். கதையை விட விலங்கே போதும் அண்ணா.

பிரிக்பீல்ட்ஸ் ஓவியன்:

நான் கேமுக்குப் படம் வரைகிற தொழிலில் இருப்பவன். கடல் மிருகம் என்றாலே எல்லோரும் கை நீட்டுவது கணவாய்க் கைகளுக்குத்தான். கோலாலம்பூரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சாமி சிலையைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியின் இரண்டு அடியிலும் இருக்கும் மகரத்தை. யானைத் துதிக்கை மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், முதலைத் தாடை, வரிசைப் பல். வால் மட்டும் மீனாக முடியாமல் கொடிக்கொடியாக விரிந்து அலையாகிவிடும். உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வருணனுக்கும் கங்கைக்கும் வாகனம் அது. கடலோடி அண்ணன் சொல்கிற 'அது அசைந்தால் கடல் அசையணும்' என்பதைச் சிற்பி அந்த வாலிலேயே செய்துவிட்டான்.

இன்னொன்று. அனுமன் கடல் தாண்டும்போது வழிமறிக்கிறாளே சிம்ஹிகை, கம்பர் அங்காரதாரை என்பாரே, அவளை இன்னும் யாரும் கேமில் சரியாகப் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை. வால்மீகியில் அவள் நிழலைப் பிடித்து ஆளை இழுக்கிறாள். யோசித்துப் பாருங்கள்: பாயில் காற்று முட்டிக்கொண்டிருக்கிறது, கப்பல் நகரவில்லை. சாயங்காலம் நிழல் நீளும்போது ஆபத்து. உச்சி வெயிலில் தப்பிக்கலாம். அமாவாசை ராத்திரி அவளுக்குப் பிடியே கிடையாது. பட்டர்வொர்த் நண்பரே, எந்த விலங்காலும் இது முடியாது.

கடலோடி (ஜார்ஜ்டவுன்):

அக்கா, நண்டைக் கொல்ல வழி கிடையாது, எழுதி வைத்துவிட்டேன். நிழல் பிடிக்கிறவளைத் தம்பி முதலில் வரைந்து அனுப்பு, குழுவுக்குக் காட்டுகிறேன். அந்த உறுமலையும் எடுத்துக்கொள்கிறோம், எதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதில் விழட்டும்.

விலங்கே போதும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. விலங்கைப் பார்த்து ஓடலாம், அதோடு ஓர் ஊரே சேர்ந்து வாழ முடியாது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள். வலையில் சிக்குகிற அதே சுறாதான். எங்கள் துறைமுக மக்களுக்கும் அப்படி ஒரு வழிபாடு வேண்டும், நண்டுக்கு. அது வெளியே போகும் நேரத்தைக் கணித்துச் சொல்கிற ஓர் ஆளும் வேண்டும். அவர் கோயிலைச் சேர்ந்தவரா, கப்பல்காரரா என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கரையோரத்தில் வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், உங்கள் ஊரில் யார் பேச்சைக் கேட்டுப் படகு இறக்குவார்கள்?