புதுப்பிப்பு: 50 மில்லிசெகண்ட் படம் 67 ஆக நீண்ட சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. 60 ஹெர்ட்ஸ் திரையில் (நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முறை புதிதாக வரையும் திரை) 3 ஃபிரேம், அதாவது 50 மி.செ. மட்டுமே நிற்கவேண்டிய சோதனைப் படம் சில முறை 67 வரை நீள்வது ஏன் என்று கேட்டிருந்தேன். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட்டு முழுத்திரையில் ஓட்டச் சொன்ன பதில்தான் கைகொடுத்தது. ஃபோட்டோடயோடை (ஒளி மாறுவதை உணரும் சிறு கருவி) திரையில் ஒட்டி, கருப்பு வெள்ளைச் சதுரத்தை 1000 முறை மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு ஃபிரேம்கூட நழுவவில்லை. கால அளவையும் மில்லிசெகண்டில் இல்லாமல் ஃபிரேம் எண்ணிக்கையில் கொடுத்திருக்கிறேன்.

எதிர்பாராதது: பழைய அமைப்பில் படம் நீண்டபோதும் படத்தைக் காட்டும் மென்பொருளின் லாக் கோப்பு (அது தானே எழுதும் பதிவு) 50 என்றே காட்டியிருக்கிறது! அதை மட்டுமே நம்பி இருக்கவேண்டாம்.

இன்னொன்று, டயோடை மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு மாற்றினால் தொடக்க நேரம் ஏறத்தாழ 15 மி.செ. தள்ளிப்போகிறது. திரை மேலிருந்து கீழாக வரைவதுதான் காரணம். சோதனைப் படம் வரும் உயரத்திலேயே ஒட்டுங்கள்.