புதுப்பிப்பு: மகனை இழந்த பின் செபமாலை சொல்ல இயலாமை

மகன் இறந்த பின் செபமாலையைச் சொல்லி முடிக்க இயலவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. பயன் தந்தது வியாகுல அன்னையின், அதாவது மகன் இயேசுவுக்காகத் துயருற்ற மரியாளின், ஏழு துயரங்களின் செபமாலைதான்: ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு முறை கர்த்தர் கற்பித்த செபமும், ஏழு முறை அருள் நிறைந்த மரியேயும் சொல்ல வேண்டும். தனி மணிமாலை வேண்டியதில்லை. வழக்கமான செபமாலையிலேயே எண்ணிக்கொள்ளலாம். ஆறாம் துயரத்தில், சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலை அன்னை மடியில் ஏந்தும் இடத்தில், எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அங்கே மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் மணிகளை உருட்டும்படி ஒருவர் எழுதியதே என்னைக் கடைசி மணிவரை கொண்டுசென்றது. அந்தத் துயரத்தைப் பிள்ளையை இழந்த வேறொரு தாய்க்காக ஒப்புக்கொடுக்கத் தொடங்கினேன். எதிர்பாராதது என்னவென்றால், ஆறுதல் சொல்ல வந்தவர்களையெல்லாம் தவிர்த்துவந்த அந்தத் தாய், இதை அறிந்ததும் தாமும் சேர்ந்து செபிக்கலாமா என்று கேட்டார். செப்டம்பர் 15, வியாகுல அன்னையின் நினைவு நாளில், எங்கள் இரு பிள்ளைகளுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி பெயர் கொடுத்திருக்கிறோம்.